ஜிபிஎஸ்ஸை ஜாமர் முடக்கினால் மொபைல் டவர் கைகொடுக்குமா?

2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களின் ஜிபிஎஸ், அவை வேறு ஏதோ ஒரு இடத்தில் இருப்பதாகத் தப்பாகக் காட்டியது. டிசம்பர் 1ஆம் தேதி ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சர் மாநிலங்களவையில் கொடுத்த எழுத்துபூர்வ பதிலில், இப்படிச் செயற்கைக்கோள் சிக்னலில் குறுக்கீடு இருப்பதாகத் தகவல் வந்த விமான நிலையங்களின் வரிசையில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, அமிர்தசரஸோடு சென்னையும் இருந்தது. அதே நவம்பர் முதல் வாரத்தில் டெல்லியில் நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமானது வேறு கதை. அது கட்டுப்பாட்டு அறையின் செய்திப் பரிமாற்றக் கணினியில் வந்த கோளாறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

செய்தியைப் படித்ததும் பலருக்கும் வரும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. தெருவுக்கு ஒரு மொபைல் டவர் நிற்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அப்படியிருக்க 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் சிக்னலை மட்டும் எதற்கு நம்ப வேண்டும், இரண்டையும் சேர்த்து, சிக்னலைக் குறுக்கிட்டு முடக்கும் ஜாமரைச் சமாளிக்க முடியாதா?

முடியும். உலகம் முழுக்க ஆராய்ச்சியும் தர வரையறைகளும் அந்தத் திசையில்தான் போகின்றன. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அது பேச்சில் அடிபடுவதே இல்லை: டவருக்கு நேரம் சொல்வது யார்? அதற்கு வருவதற்கு முன் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

ஜிபிஎஸ் சிக்னல் ஏன் இவ்வளவு எளிதில் மூழ்கிப்போகிறது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் செய்வது ஒன்றே ஒன்றுதான். "நான் இன்னார், இப்போது இத்தனை மணி, நான் இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதி கிளம்பிய நேரத்துக்கும் உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். போனுக்குத் தெரியாத விஷயங்கள் நான்கு: மூன்று திசைகளில் அதன் இடம், அப்புறம் அதன் சொந்தக் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பது. நான்கு தெரியாதவற்றுக்கு நான்கு சமன்பாடு வேண்டும், அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள்.

அவை சுற்றுவது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அனுப்பும் சக்தி சில பத்து வாட்டுகள்தான். தரையில் வந்து சேர்வது எவ்வளவு? ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி கோடியால் வகுத்து, அதையும் நூறால் வகுத்தால் வருவதுதான் கிட்டத்தட்ட. ரிசீவரின் சொந்த மின்னணு இரைச்சலைவிடக் குறைவு இது. சிக்னலில் பொதிந்திருக்கும் குறியீடு முன்கூட்டியே தெரிந்தது என்பதால் ரிசீவர் அதைத் தேடித் தேடிக் கூட்டி இரைச்சலிலிருந்து வெளியே இழுக்கிறது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தெருக்கோடியில் தெரிந்த குரல் ஒன்று முணுமுணுப்பதைக் கேட்டுப் பிடிப்பது மாதிரியான வேலை. அந்த ஒலிபெருக்கியின் சத்தத்தை இன்னொருவர் இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டால் முடிந்தது.

அந்த 'இன்னொருவர்' பெரிய ராணுவமாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் தரையிறங்க உதவும் ஜிபிஎஸ் அமைப்பு அவ்வப்போது தடுமாறியது. தேடிப்போனால், பக்கத்து நெடுஞ்சாலையில் போகும் ஒரு வண்டியில் சிகரெட் லைட்டர் துளையில் செருகப்பட்ட குட்டி ஜாமர்! வண்டி எங்கே போகிறது என்று முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று ஓட்டுநர் வைத்துக்கொண்டது. 2012இல் பிடித்து, 2013இல் அவருக்குச் சுமார் 32,000 டாலர் அபராதம் விதிக்க முடிவெடுத்தார்கள். நம்ம ஜிஎஸ்டி சாலை மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டியே போகிறது என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

முடக்குவது வேறு, ஏமாற்றுவது வேறு

செய்திகளில் இரண்டும் கலந்தே வருகின்றன. பிரித்துப் பார்க்காவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது.

1. ஜாமிங்: அதே அலைவரிசையில் வெறும் இரைச்சலைக் கொட்டுவது. ஜிபிஎஸ்ஸின் முக்கிய அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அங்கே சத்தம் போட்டால் ரிசீவருக்கு எதுவும் கேட்காது, "இடம் தெரியவில்லை" என்று சொல்லிவிடும். தொல்லைதான், ஆனால் தொல்லை என்று தெரிகிறது.

2. ஸ்பூஃபிங்: உண்மையான செயற்கைக்கோள் மாதிரியே போலி சிக்னல் அனுப்புவது. ரிசீவர் சந்தோஷமாகத் தப்பான இடத்தைக் காட்டும், சந்தேகமே படாது. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே இருந்த இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், தாங்கள் கெலென்ஜிக் விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. டெல்லியில் நடந்ததாகச் சொல்லப்படுவதும் இந்த வகைதான்.

பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சிக்னலில் "இது அசல்தான்" என்று நிரூபிக்கும் கையொப்பம் எதுவும் கிடையாது, அதன் வடிவமைப்பு எல்லாருக்கும் தெரிந்த ஆவணம். ஜிபிஎஸ் மாதிரியே ஐரோப்பா நடத்தும் கலிலியோ அப்படி ஒரு கையொப்பச் சேவையை 2025இல் முறையாகத் தொடங்கியிருக்கிறது. கையொப்பம் ஸ்பூஃபிங்குக்குத்தான் மருந்து. ஜாமிங்குக்கு அது உதவாது, வந்தே சேராத கடிதத்தில் கையெழுத்து இருந்து என்ன பயன்?

டவரிடம் இருக்கும் பலம்

இப்போது மொபைல் பக்கம். டவர் ஒன்று உங்களிடமிருந்து 500 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டரில். தூர விகிதம் 40,400. சிக்னலின் பலம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும் என்பதால், ஒரே சக்தியில் அனுப்பினாலும் டவரின் சிக்னல் சுமார் 160 கோடி மடங்கு பலமாக வந்து சேரும். நடுவில் சுவரும் கட்டடமும் இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், உண்மைதான், ஆனால் தின்ற பிறகும் மிஞ்சுவது ஏராளம். ஜிபிஎஸ்ஸை முடக்கும் அதே குட்டி ஜாமருக்கு டவரை முடக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே வந்தாக வேண்டும்.

இரண்டாவது பலம், அலைவரிசைகளின் பரப்பு. ஜிபிஎஸ், கலிலியோ, நம் நாட்டின் சொந்தச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் எல்லாம் 1.1 முதல் 1.6 கிகாஹெர்ட்ஸுக்குள் ஒரு சில இடங்களில் குவிந்திருக்கின்றன (நாவிக்குக்கு மட்டும் 2492 மெகாஹெர்ட்ஸில் கூடுதலாக ஒரு இடம் உண்டு, அதைப் பிடிக்கும் போன்கள் அரிது). மொபைல் சேவை இங்கே 700 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 900, 1800, 2100, 2300 என்று ஏறி 3300க்கு மேலும் போகிறது. இத்தனையையும் ஒரே நேரத்தில் அடைக்கும் ஜாமருக்கு மின்சாரமும் ஆன்டெனாவும் அதிகம் வேண்டும், மறைத்து வைப்பதும் கஷ்டம். அப்படிப்பட்டவை சிறைகளிலும் தேர்வு மையங்களிலும் அரசு அனுமதியோடு வைக்கப்படுகின்றன. ஒன்றிய அரசின் குறிப்பிட்ட அனுமதி இல்லாமல் மொபைல் ஜாமரோ ஜிபிஎஸ் தடுப்பானோ பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் மறுபடியும் சொல்லியிருக்கிறது.

மூன்றாவது பலம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: மொபைல் என்பது இருவழிப் பேச்சு. செயற்கைக்கோள் பேசும், போன் கேட்கும், அவ்வளவுதான். டவரோடு போன் கேட்டு, பதில் சொல்லி, ரகசியக் குறியீட்டால் இரண்டு பக்கமும் ஆள் அடையாளம் உறுதி செய்துகொள்ள முடியும். போலி டவர் வைத்து ஏமாற்றுவது முடியாதது அல்ல, ஆனால் போலி ஜிபிஎஸ்ஸைவிடப் பல படி கடினம்.

இரண்டையும் எப்படிச் சேர்க்கிறார்கள்

"சேர்ப்பது" என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே வெவ்வேறு ஆழங்களில் நடக்கும் வேலைகள் இருக்கின்றன. மேலோட்டமானதிலிருந்து ஆழமானதுக்குப் போவோம்.

1. குறுக்குச் சரிபார்ப்பு. எல்லாவற்றிலும் எளியது, மலிவானது. போன் எந்த டவரோடு பேசுகிறது என்பதும், அதிலிருந்து தோராயமாக எவ்வளவு தூரம் என்பதும் நெட்வொர்க்குக்குத் தெரியும். 4ஜியில் இந்தத் தூர அளவு சுமார் 78 மீட்டர் படிகளில் கிடைக்கிறது. டவர் "நீ கிண்டியில் இருக்கிறாய்" என்கிறது, ஜிபிஎஸ் "நீ கடலுக்கு நடுவில் இருக்கிறாய்" என்கிறது என்றால் ஜிபிஎஸ்ஸை ஒதுக்கிவிடலாம். பெரிய ஸ்பூஃபிங்குகளைப் பிடிக்க இதுவே போதும். கொஞ்சம் கொஞ்சமாக, நூறு மீட்டர் நூறு மீட்டராக இழுத்துப்போகும் தந்திரமான ஸ்பூஃபரைப் பிடிக்க இது போதாது.

2. டவர் வழியாக உதவித் தகவல். நம் போன்களில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருப்பது. செயற்கைக்கோள் தன் இருப்பிடக் குறிப்பை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது, முழுதாகக் கேட்டு முடிக்க அரை நிமிடம் வரை சுத்தமான சிக்னல் வேண்டும். அந்தக் குறிப்பை டவர் இணையம் வழியாக ஒரு நொடியில் கொடுத்துவிட்டால் போன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வேகமாக இடம் கிடைப்பதற்காக வந்த ஏற்பாடு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம், ஆனால் ஜாமருக்கு எதிராகவும் இது பெரிய ஆயுதம். எப்படியென்றால், ஒவ்வொரு பிட்டும் 20 மில்லிநொடி நீளம். அடுத்த பிட் என்ன என்று தெரியாதவரை ரிசீவர் 20 மில்லிநொடிக்கு மேல் சிக்னலைத் தொடர்ந்து கூட்ட முடியாது, கூட்டினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிட்டுகளும் நேரமும் டவர் மூலம் முன்கூட்டியே தெரிந்தால் 200 மில்லிநொடி வரை கூட்டலாம். சிக்னல் பத்து மடங்கு தெளிவாகும். பத்து மடங்கு தெளிவு என்றால், 300 மீட்டர் தூரம் வரை ஆட்டம் காட்டிய ஜாமரின் எல்லை சுமார் 95 மீட்டராகச் சுருங்கும், அதாவது அது பாழாக்கும் பரப்பு பத்தில் ஒன்றாகிவிடும். இது திறந்தவெளிக் கணக்கு. போனுக்குள் இருக்கும் மலிவான படிகக் கடிகாரம் அத்தனை நேரம் நிலையாக நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு.

3. தளர்வான இணைப்பு. ஜிபிஎஸ் ஒரு விடை சொல்கிறது, டவர்கள் ஒரு விடை சொல்கின்றன, இரண்டையும் நம்பகத்தன்மைக்கு ஏற்ப எடைபோட்டுக் கலப்பது. செய்வது சுலபம். குறை என்னவென்றால் நான்கு செயற்கைக்கோள் தெரியாவிட்டால் ஜிபிஎஸ் பக்கம் விடையே வராது, கலக்க ஒன்றும் இருக்காது.

4. இறுக்கமான இணைப்பு. உண்மையான பலன் இங்கேதான். விடைகளைக் கலக்காமல் அளவீடுகளையே ஒரே கணக்கில் போடுவது. ஜாமர் நெருக்கி இரண்டு செயற்கைக்கோள்தான் மிஞ்சியது என்றால் முந்தைய முறையில் அந்த இரண்டும் வீண். இதில் இரண்டு செயற்கைக்கோள், மூன்று டவர் என்று சேர்த்து சமன்பாடுகளை நிரப்பிவிடலாம் (செயற்கைக்கோள் கடிகாரமும் டவர் கடிகாரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் கூடுதலாக ஒரு சமன்பாடு செலவாகும்). உயரம் விஷயத்திலும் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும்: டவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால் நீங்கள் எத்தனையாவது மாடியில் இருக்கிறீர்கள் என்று அவற்றால் சொல்ல முடியாது, தலைக்கு மேல் இருக்கும் ஒரே ஒரு செயற்கைக்கோள் அந்தக் குறையைப் பெரிதும் சரிசெய்யும்.

டவர் சிக்னலை மட்டுமே வைத்து வழி கண்டுபிடிக்க முடியுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் ராணுவமே ஜிபிஎஸ்ஸை முடக்கிச் சோதனை நடத்தியபோது, பேராசிரியர் ஸாக் கஸ்ஸாஸின் குழு 4ஜி டவர் சிக்னல்களைப் பிடித்தே ஒரு வண்டியைச் சில மீட்டர் பிழைக்குள் பின்தொடர்ந்து காட்டியது. நெட்வொர்க்கின் ஒத்துழைப்பே இல்லாமல், காற்றில் வருவதை மட்டும் கேட்டு.

ஆனால் டவருக்கு நேரம் சொல்வது யார்?

இப்போது அந்த நிபந்தனைக்கு வருவோம். மேலே சொன்ன எல்லாமே டவர் சரியாக ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கின்றன.

5ஜி பெரும்பாலும் ஓடுவது 3.3 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில். அங்கே அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில், மாறி மாறி. இதற்கு டிடிடி என்று பெயர். பக்கத்துப் பக்கத்து டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் வாய்மூடிக் கேட்க வேண்டும். ஒரு டவரின் கடிகாரம் கொஞ்சம் நழுவினாலும் அது பேசும் நேரத்தில் பக்கத்து டவர் போனைக் கேட்டுக்கொண்டிருக்கும், போனின் மெல்லிய குரல் அதில் அமுங்கிப்போகும். அதனால் ஒவ்வொரு டவரும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோநொடிக்கு மேல் விலகக் கூடாது என்று வரையறை இருக்கிறது.

அந்தப் பொது நேரம் எங்கிருந்து வருகிறது? உலகம் முழுக்க ஏராளமான டவர்களில், டவர் உச்சியிலோ பக்கத்து அறையின் கூரையிலோ காளான் மாதிரி ஒரு சின்ன ஆன்டெனா இருக்கும். அது ஜிபிஎஸ் ஆன்டெனா. ஆக, ஜிபிஎஸ் படுத்தால் கைகொடுக்க வேண்டிய டவரே ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத்தான் மணி சரிசெய்துகொள்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோ துறைமுகத்தில் கடற்படைப் பயிற்சியின்போது ஜிபிஎஸ் முடங்கியதில் அந்த ஊரின் மொபைல் சேவையும் மருத்துவமனைப் பேஜர்களும் பாதிக்கப்பட்டன. 2016 ஜனவரி 26ஆம் தேதி, பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றை ஓய்வுபெறச் செய்தபோது நடந்த பிழையால் சில செயற்கைக்கோள்கள் சுமார் 13 மைக்ரோநொடி தவறான நேரத் திருத்தத்தை அனுப்பின. இருப்பிடம் எதுவும் பிசகவில்லை, ஆனால் பல நாடுகளின் தொலைத்தொடர்புக் கருவிகளில் மணிக்கணக்கில் எச்சரிக்கைகள் அடித்தன. யாரும் ஜாம் செய்யாமலேயே இந்த நிலை.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது, பொறியியல் படித்தவர்களே தவறவிடுவது. 1.5 மைக்ரோநொடி என்பது பேசுவதற்குப் போதும், இடம் காண்பதற்குப் போதாது. ஒளி ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகும், அப்போது 1.5 மைக்ரோநொடிப் பிழை என்பது 450 மீட்டர் பிழை. அண்ணா சாலையில் நிற்பவரை வேறு ஏதோ தெருவில் காட்ட இது தாராளம். சில மீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் டவர்கள் பத்துப் பதினைந்து நானோநொடிக்குள் ஒத்துப்போக வேண்டும், அதாவது நூறு மடங்கு கண்டிப்பு.

இதற்கு வழிகள் இருக்கின்றன:

1. கண்ணாடி இழை வழியாக நேரம். மையத்தில் நல்ல அணுக் கடிகாரங்கள் சிலவற்றை வைத்து, பிடிபி என்ற நெறிமுறையில் கேபிள் வழியாக டவர் டவராக நேரம் கொடுப்பது. ஜாமரால் தரைக்கடியில் போகும் கேபிளை ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் இதற்குத் தோதாக இருக்க வேண்டும் என்பதுதான் செலவு.

2. தாக்குப்பிடிக்கும் கடிகாரம். நல்ல படிகக் கடிகாரம் ஜிபிஎஸ் போன பிறகும் சில மணிநேரம் வரம்புக்குள் நிற்கும், ரூபிடியம் கடிகாரம் அதைவிட நெடுநேரம். சாலையில் கடந்துபோகும் ஜாமருக்கு இது போதும். நாள்கணக்கில் நீடிக்கும் தாக்குதலுக்குப் போதாது.

3. நேரமே தேவையில்லாத அளவீடு. 2020இல் முடிவான 5ஜியின் 16ஆம் வெளியீட்டு வரையறையில் பல டவர்களோடு போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் முறை ஒன்று வந்தது. போன் ஒரு துடிப்பு அனுப்பும், டவர் திருப்பி அனுப்பும், போய் வந்த மொத்த நேரத்தைப் பாதியாக்கி ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். போவதில் கூடும் கடிகாரப் பிழை வருவதில் கழிந்துவிடுவதால் டவர்கள் தங்களுக்குள் நானோநொடி அளவுக்கு ஒத்துப்போக வேண்டியதே இல்லை. என் பார்வையில் இந்த மொத்த விஷயத்திலும் அழகான யோசனை இதுதான். சிக்கல், வரையறையில் இருப்பது வேறு, டவரில் இயக்கி வைப்பது வேறு. போனின் சிப், டவரின் மென்பொருள் இரண்டும் ஆதரிக்க வேண்டும், ஒவ்வொரு அளவீடும் நெட்வொர்க்கின் நேரத்தைக் கொஞ்சம் தின்னும், வருமானம் எதுவும் வராது.

நம் நாட்டில் இதற்கான அடித்தளம் ஒன்று உருவாகி வருகிறது. தேசிய இயற்பியல் ஆய்வகம், இஸ்ரோவின் துணையோடு, இந்திய நேரத்தை அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், ஃபரிதாபாத், குவஹாத்தி ஆகிய ஐந்து ஆய்வகங்களிலிருந்து பரப்பும் திட்டம் அது. இந்திய நேரத்தையே எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்ற வரைவு விதிகள் 2025 ஜனவரியில் வெளியாயின. நமக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூரு. அங்கிருந்து கேபிள் வழியாகச் சென்னையின் டவர்களுக்கு நேரம் வர ஆரம்பித்தால், அந்த ஒரு மாற்றமே ஆயிரம் ஜாமர் தடுப்பு ஆன்டெனாக்களைவிடப் பெரிய பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன்.

சென்னையில் இது எப்படி வேலை செய்யும்

டவர்களால் துல்லியமாக இடம் காண, அவை உங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும். தி.நகரிலோ அண்ணா நகரிலோ அது பிரச்சினையில்லை. மெரினாவிலிருந்து திருவான்மியூர் வரை கடற்கரையை ஒட்டிய இடங்களில் எல்லா டவரும் மேற்குப் பக்கமே இருக்கும், கிழக்கே கடல். அப்போது வடக்கு தெற்கில் ஓரளவு நன்றாகத் தெரிந்தாலும் கிழக்கு மேற்கில் பிழை கூடும், ஏனென்றால் எல்லா அளவீடுகளும் ஒரே பக்கத்திலிருந்து வருவதால் கடிகாரப் பிழையையும் தூரத்தையும் பிரித்தறிய முடியாது. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் இடங்களுக்கும் இதே சிக்கல், போதாக்குறைக்கு அங்கே சிக்னலை எதிரொலிக்கும் இரும்புச் சுவர்கள் வேறு. அந்த மாதிரி இடங்களில் கடல் பக்கத்தில், அலைத்தடுப்புச் சுவரில் ஒன்றிரண்டு சின்ன டவர் வைத்தாலே நிலைமை வெகுவாக மாறும்.

நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே டவரின் சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டு வந்தால் தூரம் கூடுதலாகத் தெரியும். 5ஜியின் 100 மெகாஹெர்ட்ஸ் அகலமான சிக்னல் 4ஜியின் 20 மெகாஹெர்ட்ஸைவிட நேர்வழி வந்ததையும் சுற்றி வந்ததையும் நன்றாகப் பிரித்துக் காட்டும். நேர்வழியே இல்லையென்றால் அதுவும் ஒன்றும் செய்ய முடியாது.

இதைவிட இந்த ஊருக்குப் பெரிய பலன் ஒன்று இருக்கிறது: ஜாமரைத் தேடிப் பிடிப்பது. ஒவ்வொரு போனுக்கும் தான் கேட்கும் செயற்கைக்கோள் சிக்னல் எவ்வளவு தெளிவு என்று தெரியும். ஜாமர் வைத்த வண்டி ஒன்று தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வழியாக மீனம்பாக்கம் நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் இருக்கும் நூற்றுக்கணக்கான போன்களில் சிக்னல் வரிசையாக விழுந்து வரிசையாக எழும். அந்தத் தகவல் மொபைல் நெட்வொர்க் வழியாக ஒரு இடத்தில் சேர்ந்தால், வண்டி எந்தத் திசையில் எந்த வேகத்தில் போகிறது என்பது வரை தெரிந்துவிடும். டெல்லி விவகாரத்தில் மூலத்தைக் கண்டுபிடிக்கத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பைத்தான் நாடினார்கள். தேடும் வண்டிகளோடு போகும் அவர்களுக்கு இப்படி ஒரு வரைபடம் கையில் இருந்தால் வேலை நாள்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு வரும். ஆனால் லட்சக்கணக்கான போன்களின் தகவலைத் திரட்டுவது என்றால் யார், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், ஆள் அடையாளம் நீக்கப்பட்டதா என்பதற்கெல்லாம் முதலிலேயே எழுத்தில் பதில் வேண்டும். சிக்னல் தெளிவும் தோராயமான இடமும் போதும், போன் எண் தேவையே இல்லை.

டவர் எட்டாத இடங்கள்

வானத்தில் போகும் விமானத்துக்கு மொபைல் டவர் தீர்வல்ல. டவரின் ஆன்டெனாக்கள் தரையை நோக்கிச் சாய்ந்தவை, விமானப் பாதுகாப்புத் தரச் சான்றும் அவற்றுக்கு இல்லை. விமானங்களுக்கு மாற்று என்பது ஐஎல்எஸ், விஓஆர், டிஎம்இ போன்ற பழைய தரைக் கருவிகளும் விமானத்துக்குள்ளேயே இருந்து அதன் அசைவை அளந்து இடம் கணிக்கும் நிலைமக் கருவியும்தான். குறைந்தபட்சம் இத்தனை தரைக் கருவிகள் எப்போதும் இயங்க வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தொடர்வதாக நாடாளுமன்றப் பதிலிலும் சொல்லியிருந்தார்கள். டெல்லியில் பாதிக்கப்பட்டது ஜிபிஎஸ்ஸை நம்பி இறங்கும் ஓடுபாதைப் பக்கம்தான், தரைக் கருவி இருந்த ஓடுபாதைகள் வழக்கம்போல இயங்கின.

காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகுகளுக்கும் இது பொருந்தாது. கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினால் மொபைல் சிக்னலே கிடையாது. அங்கே செயற்கைக்கோள் வழித் தொடர்புதான் வேண்டும். 2017இல் ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேராததன் கொடுமையை நாம் பார்த்தோம். அதற்கப்புறம் நாவிக் வழியாக எச்சரிக்கை அனுப்பும் கருவிகளும், 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழிச் சேதிக் கருவி) பொருத்தும் திட்டமும் வந்தன. தென்கொரியாவில் 2016இல் வடகொரியப் பக்கமிருந்து வந்த ஜாமிங்கால் நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் பாதிக்கப்பட்டன. அந்த நாடு அதன் பிறகு இலோரான் என்ற தாழ் அலைவரிசைத் தரை நிலையங்களை வளர்த்தெடுத்தது, அவற்றின் சிக்னல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலுக்குள் போகும், முடக்க மிகப்பெரிய ஆன்டெனா வேண்டும். எல்லை தாண்டினால் கைது என்ற நிலையில் மீன்பிடிக்கும் நம் கடலோரத்துக்கு இதை யோசிக்க வேண்டிய தேவை கொரியாவுக்குக் குறைந்ததல்ல.

கருவி வாங்கும்போது எழுத வேண்டியவை

ஏஐஎஸ்-140 என்ற தரத்தின்படி, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும். அதற்குள் செயற்கைக்கோள் ரிசீவரும் உண்டு, மொபைல் சிம்மும் உண்டு. அதாவது சேர்ப்பதற்குத் தேவையான இரண்டு பொருளும் ஒரே பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் சிம் வேலை செய்வது தபால்காரராக மட்டும்தான், இடம் கணிப்பதில் அதற்குப் பங்கில்லை. நகரப் பேருந்து எங்கே வருகிறது என்று சென்னை ஒன் செயலியில் பார்ப்பது, ஆம்புலன்ஸை அனுப்புவது எல்லாம் இப்படிப்பட்ட கருவிகளை நம்பித்தான். அடுத்த முறை டெண்டர் போடுபவர்கள் இவற்றை நிபந்தனையாக எழுதலாம், எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை:

1. எல்1 (மேலே சொன்ன 1575.42 மெகாஹெர்ட்ஸ்) மட்டுமல்லாமல், அதைவிடத் தாழ்ந்த எல்5 அலைவரிசையும் பிடிக்க வேண்டும். மலிவு ஜாமர்கள் பல எல்1ஐக் குறிவைத்தே செய்யப்பட்டவை, எல்5இல் நாவிக்கும் கிடைக்கும்.

2. ஜிபிஎஸ் சொல்லும் இடத்தையும் டவர் சொல்லும் இடத்தையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் கட்டுப்பாட்டு அறைக்கு "இடம் சந்தேகத்துக்குரியது" என்ற குறியோடு அனுப்ப வேண்டும். கடைசியாகத் தெரிந்த இடத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பேருந்து நிற்பதாகக் காட்டக் கூடாது.

3. சிக்னல் தெளிவு திடீரென்று விழுந்தால் நேரத்தோடு பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான பேருந்துகள் ஊர் முழுக்கச் சுற்றுகின்றன, இதைவிட நல்ல ஜாமர் கண்காணிப்பு வலை வேறு எங்கே கிடைக்கும்!

4. சேவை தரும் மொபைல் நிறுவனம், சென்னை வட்டாரத்தில் ஜிபிஎஸ் முழுதாகப் போனால் தன் டவர்கள் எத்தனை மணிநேரம் நேர வரம்புக்குள் நிற்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத்தில் தர வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை சில டவர்களில் ஜிபிஎஸ் ஆன்டெனாவைக் கழற்றி வைத்து அதைச் சோதித்துக் காட்டவும் வேண்டும்.